மஞ்சள் கோடும் மஞ்சள் உறையும்

1960 செப்டம்பரில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தெருக்களில் டிராஃபிக் வார்டன்கள் முதன்முறையாக இறங்கினார்கள். முதல் நாளில் அவர்கள் எழுதிய முந்நூற்றுச் சொச்சம் சீட்டுகளில் முதலாவது ஒரு மருத்துவரின் காருக்குப் போனது. மாரடைப்பு கண்ட ஒருவரைப் பார்க்க அவர் ஓட்டலுக்குள் ஓடியிருந்தார். அபராதம் 2 பவுண்டு. ஊர் கொந்தளித்தது, அபராதம் ரத்தானது. பிரிட்டனில் அதன்பின் நடந்த பார்க்கிங் தகராறுகளுக்கெல்லாம் அந்தச் சீட்டே முன்மாதிரி. அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் தண்டித்தது தப்பு என்றார்கள். அப்படியானால் எது தப்பு, எது சரி என்று யார் தீர்மானிப்பது? எத்தனை நாளுக்குள், யாரிடம் முறையிடுவது? தோற்றால் எவ்வளவு போகும்? அறுபது ஆண்டுக்கும் மேலாக நாடாளுமன்றமும் நீதிமன்றங்களும் கவுன்சில்களும் இந்தக் கேள்விகளோடுதான் மல்லுக்கட்டுகின்றன.

இந்த வழக்குகளை வரிசையாகப் படித்தபின் எனக்குப் படுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலை விஷயத்தில் நியாயம் பெரும்பாலும் கவுன்சில்களின் பக்கம் இருக்கிறது. காகித விஷயத்தில் அவை அடிக்கடி சறுக்குகின்றன. கார்க்காரர்கள் நேர்மாறு.

முதலில், இந்த அதிகாரம் கவுன்சில்களிடம் வந்த கதை. 1958 ஜூலையில் மேஃபேர் பகுதியில் பார்க்கிங் மீட்டர்கள் வந்தபோதே, தெருவோரம் மணிக்கணக்கில் விற்கக்கூடிய சரக்கு என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் அந்நாளில் விதியை மீறுவது குற்றம். அதைக் கவனிப்பது போலீசின் தலைவலி. திருட்டையும் அடிதடியையும் விட்டுவிட்டு மஞ்சள் கோட்டுக்குக் காவல் நிற்க அவர்களுக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. 1991-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் லண்டனில் பார்க்கிங் மீறலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி, உள்ளூர்க் கவுன்சில்களிடம் ஒப்படைக்க வழி செய்தது. வாண்ட்ஸ்வொர்த் 1993-இல் முதலில் ஏற்றது. அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்குள் தலைநகரின் எல்லா பரோ கவுன்சில்களும் சேர்ந்துகொண்டன. வெளியூர்களில் வின்செஸ்டர் 1996-இல் தொடங்கிவைத்தது. இன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் நடப்பிலிருப்பது 2004-ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம்; அதன் பார்க்கிங் பகுதி 2008 மார்ச் 31 முதல் அமலில் உள்ளது. கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் உறைக்குள் இருப்பது இந்தச் சட்டத்தின் கீழ் வரும் 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்', சுருக்கமாக பி.சி.என்.

இந்த மாற்றத்தின் விளைவுகளைப் பலர் இன்னும் முழுதாக உணரவில்லை. பார்க்கிங் டிக்கெட் இப்போது குற்றத் தண்டனை அல்ல, கடன். போலீஸ் பதிவில் ஏறாது, லைசென்ஸில் புள்ளி விழாது. ஓட்டியவர் யாராக இருந்தாலும் பொறுப்பு வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. மைத்துனருக்கு இரவல் கொடுத்த காருக்கு வந்த டிக்கெட்டால் உறவு முறிந்த குடும்பங்கள் உண்டு. இன்னொன்று, அபராதப் பணம் இப்போது கவுன்சிலிடமே தங்குகிறது. சீட்டு எழுதுவது கவுன்சில் அல்லது அது அமர்த்திய நிறுவனம். மறுப்பை முதலில் படிப்பது கவுன்சில். பணத்தைப் பெறுவதும் அதுவே. சந்தேகம் முளைக்க வேறு உரம் வேண்டியதில்லை.

இந்தச் சந்தேகத்தைச் சிலர் வரலாற்றுப் போராகவே ஆக்கிவிட்டார்கள். தீர்ப்பு வருமுன் அபராதம் விதிப்பது செல்லாது என்று 1689-இன் உரிமைச் சட்டம் சொல்கிறதே, கவுன்சில் எப்படி அபராதம் போடலாம் என்பது அவர்களின் வாதம். 2006-இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. இன்றும் அந்த வாதத்தைக் கடிதங்களில் எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் ஊக்கத்தைப் பாராட்டலாம். தபால் செலவு வீண்.

உண்மையில் வழக்கை வெல்ல வைப்பவை இதைவிடச் சாதாரணமானவை. டிக்கெட் கிடைத்த 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். கட்டாமல் கவுன்சிலுக்கு எழுதி மறுக்கலாம். அது நிராகரிக்கப்பட்டால், உரிமையாளருக்கு முறையான நோட்டீஸ் வரும். 28 நாளுக்குள் மீண்டும் எழுத வேண்டும். இதற்குக் கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் மறுப்பை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். பதில் நிராகரிப்பாக இருந்தால், சுயேச்சையான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். லண்டனுக்கு ஒன்று, இங்கிலாந்தின் பிற பகுதிகளுக்கும் வேல்சுக்கும் ஒன்று. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, போனிலோ எழுத்திலோ முடித்துக்கொள்ளலாம். காகிதத்தில் பார்த்தால் இவ்வளவு சுலபமான நீதி இந்த நாட்டில் வேறு எங்கும் கிடையாது.

ஆனால் மொத்த டிக்கெட்டுகளில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தீர்ப்பாயம் வரை போவதில்லை. காரணம் அந்தப் பாதி விலைச் சலுகைதான். லண்டனுக்கு வெளியே பல இடங்களில் உச்ச அபராதம் 70 பவுண்டு. 14 நாளுக்குள் 35. ஆரம்ப மறுப்பைச் சலுகைக் காலத்துக்குள் எழுதினால், அது தோற்றாலும் பெரும்பாலான கவுன்சில்கள் சலுகையை மறுபடி நீட்டும். அதற்கு மேல் ஒரு படி ஏறினால் சலுகை போய்விடும். அதாவது, தன் பக்கம் நியாயம் இருப்பதாக நம்புகிறவரிடம், முழுத் தொகையைப் பணயம் வைக்கத் தயாரா என்று சட்டம் கேட்கிறது. வேலைக்குப் போகிற, பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிற, ஆங்கிலத்தில் நீண்ட கடிதம் எழுதத் தயங்குகிற ஒருவர் என்ன செய்வார்? 35-ஐக் கட்டிவிட்டு வீட்டில் கத்துவார். அவர் கட்டியதாலேயே டிக்கெட் நியாயமானது என்று கவுன்சிலின் கணக்குப் பதிந்துகொள்ளும். கவுன்சில் எழுதும் டிக்கெட்டுகள் எவ்வளவு சரியானவை என்பதை யாராலும் அளக்க முடியாமல் இருப்பதற்கு இதுவே முதல் காரணம் என்பேன்.

தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்களுக்கு அங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். அந்த மருத்துவரின் நிலைமை இன்று வந்தால் என்ன? நடுவர், மீறல் நடந்ததா, விதி செல்லுமா, நடைமுறை சரியா என்றுதான் பார்க்க முடியும். இரக்கம் காட்டி ரத்து செய்ய அவருக்கு அதிகாரமில்லை. வலுவான காரணம் இருந்தால், மறுபரிசீலனை செய்யும்படி கவுன்சிலுக்குப் பரிந்துரைக்கலாம், அவ்வளவே. இரக்கம் கவுன்சிலின் உடைமை. 1960-இல் அதைப் பிடுங்கித் தந்தது பொதுமக்களின் கோபம். இன்று ஒரு கடிதம்தான் அதைக் கேட்க வேண்டும்.

அதேபோல் நடைபாதையில் வார்டனோடு வாதாடிப் பயனில்லை. எழுதி முடித்த டிக்கெட்டை அவர் திரும்பப் பெற முடியாது. அவர் எழுதத் தொடங்கியதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடினால் தப்பிக்கலாம் என்பது பழங்கதை. 2008 முதல், அப்படி ஓடிய வண்டிக்குத் தபாலில் டிக்கெட் அனுப்பலாம். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்பதும் இதே ரகம். 2015 ஏப்ரலில் இங்கிலாந்தில் வந்த 10 நிமிடக் கருணைக்காலம் உண்மைதான். ஆனால் அது அனுமதியோடு நிறுத்திய இடத்தில் நேரம் முடிந்தபின் தரப்படுவது. இரட்டை மஞ்சள் கோட்டில் அது கிடைக்காது.

மோசமான கதைகள் எல்லாம் தபால் தொலைந்த இடத்தில் தொடங்குகின்றன. வீடு மாறியவர் வாகனப் பதிவு முகவரியை மாற்ற மறந்திருப்பார். நோட்டீஸ்கள் பழைய வீட்டுக் கதவடியில் குவியும். கெடு தாண்டினால் தொகை பாதியளவு கூடும். 70 என்பது 105 ஆகும். பிறகு நார்த்தாம்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்தில் கடனாகப் பதிவாகும். அதன்பின் கடனை வசூலிக்கப் பெயிலிஃப் வருவார். 2014-இல் நிர்ணயித்த கட்டணப்படி கடிதக் கட்டத்துக்கு 75, வாசலில் வந்து நின்றால் மேலும் 235. பதிவுக் கட்டணத்தை விட்டுவிட்டாலும் 415. 35 பவுண்டில் முடிந்திருக்க வேண்டியது இது. நோட்டீஸ் கிடைக்கவே இல்லை என்று உறுதிமொழிப் படிவம் கொடுத்து எல்லாவற்றையும் தொடக்கத்துக்குத் திருப்ப வழி உண்டு. ஆனால் பெயிலிஃப் வாசலில் நிற்கும்போது அந்தப் படிவத்தின் பெயர் யாருக்கு நினைவுக்கு வரும்?

குடிமகன் நிமிடக்கணக்கில், நாள்கணக்கில் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றால், கவுன்சிலும் தன் காகிதத்தில் அதே ஒழுங்கைக் காட்ட வேண்டும் அல்லவா? இதே கேள்வி 2006-இல் பார்னெட் கவுன்சில் வழக்கில் வந்தது. டிக்கெட்டில் மீறல் நடந்த தேதியும் நோட்டீஸ் கொடுத்த தேதியும் தனித்தனியே இருக்க வேண்டும் என்பது சட்டம். பார்னெட்டின் படிவத்தில் இரண்டாவது இல்லை. இரண்டும் ஒரே நாள்தானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கவுன்சில் கேட்டது. நஷ்டம் உண்டா என்பது கேள்வியே அல்ல, சட்டம் கேட்டதைச் செய்வது எளிது, செய்யவில்லை என்று நீதிபதி முடித்துவிட்டார். இந்த ஒரு தீர்ப்பால் நாடெங்கும் கவுன்சில்கள் தங்கள் படிவங்களைத் திருப்பிப் பார்க்க நேர்ந்தது.

எதிர்த்திசையில் இழுக்கும் தீர்ப்பும் உண்டு. சண்டர்லேண்டில் ஒரு கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் சில இடங்களில் கோடுகளோ பலகைகளோ குறைபட்டிருந்தன. ஆகவே மண்டலம் முழுவதுமே செல்லாது, எனக்கு வந்த டிக்கெட்டுகள் எல்லாம் செல்லாது என்று ஒருவர் வாதிட்டார். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிராகரித்தது. அவர் நிறுத்திய இடத்தில் கோடு தெளிவாக இருந்ததே, எங்கோ ஒரு மூலையில் உள்ள பிழையால் அவர் எப்படி ஏமாந்தார்? இரண்டு தீர்ப்பும் முரண்படுவதுபோல் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டுநருக்குத் தெருவில் சொல்லப்பட்ட செய்தி போதுமானதா என்று பார்ப்பது ஒன்று. அவரிடம் பணம் கேட்கும் தாள் சட்டப்படி இருக்கிறதா என்பது மற்றொன்று. முதலாவதில் சற்றே விட்டுக்கொடுக்கலாம், இரண்டாவதில் கூடாது.

யார்க் நகரில் இரண்டும் சேர்ந்தே கவிழ்ந்தன. 2013 ஆகஸ்டில் லெண்டல் பாலத்தைப் பகல் பத்தரை மணி முதல் மாலை 5 மணி வரை கார்களுக்கு மூடிச் சோதனை செய்தார்கள். பழைய நகரின் நடுவே போக்குவரத்தைக் குறைக்கும் எண்ணம் நல்லதுதான். கேமரா வைத்தார்கள், வழி தெரியாமல் வந்த வெளியூர்ச் சுற்றுலாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் மாட்டினார்கள். 2014 ஏப்ரலில், அங்கே அபராதம் விதிக்கக் கவுன்சிலுக்கு அதிகாரமே இல்லை என்று போக்குவரத்து நடுவர் சொல்லிவிட்டார். பாலம் திறந்தது, பணம் திருப்பித் தரப்பட்டது. சோதனைத் திட்டத்தோடு சேர்ந்து அதன் நல்ல நோக்கமும் செத்தது. காகிதத்தில் சோம்பினால் சாலையையும் இழக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இனிப் பணத்துக்கு வருவோம். இங்கிலாந்துக் கவுன்சில்கள் பார்க்கிங்கில் ஈட்டும் உபரி ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி பவுண்டை நெருங்கியிருக்கிறது. இதில் அபராதம் ஒரு பங்கு. மீட்டரும் கார் பார்க்கும் பெர்மிட்டும் பெரும்பங்கு. செய்தித்தாள்கள் மொத்தத்தையும் 'அபராதக் கொள்ளை' என்று தலைப்பிடுவது நேர்மையல்ல. தெருவோர உபரியை எதற்குச் செலவிடலாம் என்று 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது: பார்க்கிங் வசதி, பொதுப் போக்குவரத்து, சாலை, சுற்றுச்சூழல் மேம்பாடு. லண்டனில் முதியவர்கள் பஸ்ஸில் இலவசமாகப் போகும் பாஸுக்கு இதில் கணிசமான பணம் போகிறது. டிக்கெட்டுக்காகத் திட்டும் மகனின் தாய், அந்தப் பாஸில்தான் கோயிலுக்குப் போய் வருகிறார்.

ஆனால் உபரி வந்து சேர்வது வேறு, உபரிக்காகவே கட்டணம் வைப்பது வேறு. பார்னெட் மீண்டும் இங்கே வருகிறது. பாவம், நல்ல சட்டங்கள் பல அந்தக் கவுன்சிலின் தோல்விகளில் பிறந்தவை. குடியிருப்போர் பெர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100-க்கும், விருந்தினர் சீட்டை 1-லிருந்து 4-க்கும் அது உயர்த்தியது. சாலைப் பராமரிப்புக்கும் பிற போக்குவரத்துச் செலவுக்கும் பணம் திரட்டுவதே நோக்கம் என்று ஆவணங்கள் காட்டின. 1984 சட்டம் வருவாய் திரட்டும் சட்டம் அல்ல என்று 2013-இல் உயர் நீதிமன்றம் சொல்லி உயர்வைச் செல்லாததாக்கியது. அரசின் வழிகாட்டுதலும், இத்தனை டிக்கெட் எழுத வேண்டும் என்றோ இவ்வளவு பணம் வர வேண்டும் என்றோ இலக்கு வைக்கக் கூடாது என்கிறது. மத்திய அரசின் நிதி குறைந்துகொண்டே போகும் காலத்தில், பட்ஜெட் தயாரிக்கும் அதிகாரி அடுத்த ஆண்டுக்கான எண்ணை அந்தக் கட்டத்தில் எழுதத்தான் செய்வார். சட்டம் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மதிப்பீடு'.

இவ்வளவும் கவுன்சிலுக்கு எதிராகச் சொன்னேன். தெருவுக்கு வந்தால் தராசு சாய்கிறது. தன் வீட்டு வாசலுக்கு நேரே உள்ள இடம் தனக்குச் சொந்தம் என்று நினைக்காத ஆள் இந்த நாட்டில் குறைவு. குப்பைத்தொட்டியை வைத்து, கூம்பை நிறுத்தி, பழைய நாற்காலியைப் போட்டு இடம் பிடிப்பார்கள். அது யாருக்கும் சொந்தமில்லை. பெர்மிட் வாங்கினாலும் தேடி நிறுத்தும் உரிமைதான் கிடைக்கும், குறிப்பிட்ட இடம் அல்ல. நடைபாதையில் இரண்டு சக்கரத்தை ஏற்றி நிறுத்துவது, காருக்கு வழிவிடும் மரியாதை என்று நினைக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவரும் குழந்தை வண்டி தள்ளுகிறவரும் சாலையில் இறங்க வேண்டியிருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. லண்டனில் 1974 முதலே இது பொதுவாகத் தடை. ஸ்காட்லாந்து 2023 டிசம்பரில் கவுன்சில்களுக்கு அதிகாரம் தந்தது. எடின்பரோ அடுத்த மாதமே 100 பவுண்டு அபராதத்தோடு தொடங்கிவிட்டது.

இங்குள்ள தமிழர்களுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. வெம்ப்ளி ஸ்டேடியத்தில் ஆட்டமோ இசை நிகழ்ச்சியோ இருக்கும் நாளில் சுற்றுவட்டாரத் தெருக்கள் பெர்மிட் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாறும். மற்ற நாளில் சாமான் வாங்க வந்து நிறுத்திப் பழகியவர் பலகையில் தேதியைப் பார்க்காமல் மாட்டுவார். மேற்கு ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேர் ஆகஸ்டில் தெருவில் வரும்போது, அதே சாலை விதிகள்தான் கார்களை ஒதுக்கி அம்மனுக்கு இடம் தருகின்றன. அன்றைக்கு மட்டும் நமக்கு அந்த விதிகள் நியாயமாகத் தெரியும்.

2020-இல் கொரோனாவோடு வந்த 'குறைந்த போக்குவரத்துக் குடியிருப்பு' திட்டங்கள் இந்தச் சண்டையை வேறு தளத்துக்குத் தூக்கின. குறுக்கு வழியாகக் கார்கள் நுழையும் சந்துகளை அடைத்து நடப்போருக்கும் சைக்கிளுக்கும் விடுவது நோக்கம். புதிய யோசனை அல்ல. ஹாக்னியின் டி போவார் பகுதியில் 1970களிலேயே தெருக்களை அடைத்தார்கள். அன்று நட்டது கட்டைகளும் பூந்தொட்டிகளும். இன்று பெரும்பாலும் எண்பலகை படிக்கும் கேமரா. ஆம்புலன்சும் பஸ்ஸும் தடையின்றிப் போகக் கேமராவே நல்லது என்பது உண்மை. ஆனால் கட்டை யாரிடமும் காசு வாங்காது, கேமரா வாங்கும். திட்டத்தை ஆதரித்திருக்கக்கூடியவர்களையும் எதிரணிக்குத் தள்ளியது அந்த வித்தியாசம்தான்.

இதில் வேறொரு சிக்கலும் இருந்தது. பல திட்டங்கள் சோதனை உத்தரவாக வந்தன. அதிகபட்சம் 18 மாதம். முதலில் அமல், பிறகு கருத்துக் கேட்பு. நடந்து பார்த்துச் சொல்வது நல்ல முறை என்று கவுன்சில்கள் நினைத்தன. முடிவெடுத்துவிட்டுக் கேட்கிறார்கள் என்று மக்கள் நினைத்தார்கள். ஈலிங் 2021-இல் தன் திட்டங்களில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டது. லாம்பெத் கவுன்சில் மேற்கு டல்விச்சில் விடாமல் நின்றது; 2025 மே மாதத்தில் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. குடியிருப்பாளர்கள் தயாரித்துத் தந்த 50 பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையை முடிவெடுக்குமுன் கவுன்சில் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே அங்கே வினையானது. தெருவை அடைத்தது சரியா தவறா என்று நீதிமன்றம் சொல்லவில்லை. படிக்க வேண்டியதைப் படிக்கவில்லை என்றது. மறுபடியும் காகிதம்.

கடை வளாகங்களில் தனியார் நிறுவனங்கள் ஒட்டும் சீட்டுகளை இதோடு குழப்பக் கூடாது. அவை ஒப்பந்தத்தின் பேரில் கேட்கும் பணம். செம்ஸ்ஃபோர்டில் 2 மணி நேர இலவச இடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்றதற்கு 85 பவுண்டு கேட்டது நியாயமே என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, கவுன்சில் டிக்கெட்டைப் பற்றி அது எதுவும் தீர்மானிக்கவில்லை. கவுன்சில் டிக்கெட்டுக்கு இருக்கும் சட்டப்படியான தீர்ப்பாயம் அங்கே கிடையாது. அந்த வகையில் கவுன்சிலின் டிக்கெட் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி. ஆனால் அதை அவரிடம் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இப்போது நடக்கும் வாக்குவாதம் தொகையைப் பற்றியது. லண்டன் 2025 ஏப்ரலில் உச்ச அபராதத்தை 160 பவுண்டாக உயர்த்தியது. வெளியூர்க் கவுன்சில்களோ 2008-இல் வைத்த 70 பவுண்டோடு நெடுங்காலம் காத்திருக்கின்றன. ஒரு நாள் பார்க்கிங் கட்டணத்தைவிட டிக்கெட்டே மலிவாக இருக்கிற கடற்கரை ஊர்கள் இருப்பதாக அவர்கள் முறையிடுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. உயர்த்தட்டும். கூடவே, தீர்ப்பாயத்தில் தோற்றவருக்கும் நாலில் ஒரு பங்கு தள்ளுபடி தரலாம் என்று 2013, 2014 வாக்கில் அரசு வட்டாரத்தில் பேசப்பட்ட யோசனையை மேசையிலிருந்து எடுத்துத் தூசி தட்டட்டும். முறையிட்டதற்காகவே முழு அபராதம் என்ற நிலை போனால், நூற்றுக்கு ஒருவருக்குப் பதில் ஐந்து பேர் தீர்ப்பாயத்துக்கு வருவார்கள். கவுன்சில்களுக்கு அது செலவுதான். ஆனால் தங்கள் டிக்கெட்டுகளில் எத்தனை சரி என்று அப்போதுதான் அவர்களுக்கே தெரியவரும்.